தொண்டை மெஷின் மக்கர் செய்தால்: குமிழைக் கூட்டுவதற்கு முன்

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு சிகிச்சை உண்டு. கழுத்தில் பேட் ஒட்டி, மெல்லிய கரண்ட் கொடுத்து, அது பாயும் நேரத்திலேயே விழுங்கிப் பழக வைப்பார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் கிளினிக்கில் தொடங்கி வைத்து, வீட்டில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுத்து, மெஷினைக் கையில் கொடுத்து அனுப்புவார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆயாவுக்காக (பாட்டிக்காக) அப்படித்தான் ஒன்று வந்து சேர்ந்தது. கிளினிக்கில் எல்லாம் சுலபமாகத் தெரியும். வீட்டு மேசையில் ஒயர்களைப் பரப்பி உட்காரும்போதுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். கையேடோ ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன தொந்தரவு வந்தாலும் நம் கை தானாகப் போவது கரண்ட் குமிழுக்குத்தான். ஒன்றும் தெரியவில்லையா, கூட்டு. முன்னேற்றம் இல்லையா, இன்னும் கொஞ்சம் கூட்டு. கீழே வரும் எந்தக் கோளாறுக்கும் அது முதல் வைத்தியம் இல்லை, பலவற்றில் அதுதான் கெடுதலே. தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த எண்ணைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்தவர்கள், கழுத்துப் பகுதியில் புற்றுநோய் இன்னும் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்த மெஷின் கூடாது. வலிப்பு வந்தவர்கள், கழுத்தில் உலோகம் வைத்து ஆபரேஷன் செய்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். மருந்துக்கடையில் முதுகுவலிக்கென்று விற்கும் டென்ஸ் மெஷினும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதிலும் பேட், அதிலும் ஒயர். அதைக் கழுத்தில் ஒட்டிப் பார்க்கும் யோசனை யாருக்காவது இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்கள் ஓடுகின்றன. அங்கே ரத்த அழுத்தத்தை உணரும் ஓர் இடம் உண்டு. அது தூண்டப்பட்டால் இதயத் துடிப்பும் அழுத்தமும் சட்டென்று இறங்கும்.

மெஷின் ஓடுகிறது, கழுத்தில் ஒன்றுமே தெரியவில்லை

முதலில் பேட்டரியைப் பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் மெஷின்கள் பலவற்றில் 9 வோல்ட் சதுர பேட்டரிதான். மலிவான சாதா பேட்டரி திரையை எரிய வைக்கும், ஆனால் கரண்ட் தரவேண்டிய நேரத்தில் படுத்துவிடும். அல்கலைன் வாங்குங்கள். மறுபடி சார்ஜ் செய்யும் 9 வோல்ட் பேட்டரியின் உண்மையான வோல்ட் பெரும்பாலும் 9-க்குக் கீழே, அதனால் சில மெஷின்கள் அது நிறைந்திருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். பேட்டரியில் ஓடுவதால் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தாலும் கவலை இல்லை. உள்ளேயே சார்ஜ் ஆகும் வகை என்றால், ஒயர் சுவரில் செருகியிருக்கும்போது பேட்டைக் கழுத்தில் ஒட்டக் கூடாது.

பேட்டரி சரி என்றால் அடுத்து ஒயர். ஒயர் அறுவது நடுவில் இல்லை, பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான். வெளியே ரப்பர் நன்றாகவே இருக்கும், உள்ளே கம்பி விட்டிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, இடம் மாற்றிப் பார்ப்பது. மெஷினில் ஒயர் செருகும் இரண்டு சேனலையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் சேனலின் ஒயரை இரண்டாவதில் செருகுங்கள், இரண்டாவதை முதலில். வேலை செய்யாத பக்கம் ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு ஒயரிலோ அதன் பேட்டிலோ. நகராமல் அதே சேனலிலேயே நின்றால் மெஷினில். ஒயர்தான் என்று பட்டால் பேட்டை மட்டும் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பேட், ஒயர், பேட்டரி மூன்றையும் ஒன்றாக மாற்றினால் மெஷின் ஓடும், எது கெட்டிருந்தது என்று மட்டும் தெரியாது, அடுத்த வாரம் அதே கதை.

இந்தச் சோதனைகளைக் கழுத்தில் செய்யாதீர்கள். பழைய பேட் ஒரு ஜோடியை நோயாளியின் ஒரே முன்கையில், உள்பக்கமாக ஒட்டிப் பாருங்கள். ஒரு பேட் இந்தக் கையில், மற்றது அந்தக் கையில் என்று ஒட்டினால் கரண்ட் நெஞ்சைக் கடந்து போகும், அது கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் அவர் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்கிறாரா? பக்கவாதத்தில் ஒரு பக்கத் தோல் மரத்துப்போயிருக்கலாம். அப்போது கரண்ட் பாய்ந்துகொண்டுதான் இருக்கும், அவருக்குத்தான் தெரியாது. இந்த நிலையில் அவர் சொல்வதை நம்பிக் கூட்டுவது ஆபத்து, தோல் வெந்தாலும் சொல்லத் தெரியாது. கிளினிக்கில் குறித்த எண்ணிலேயே நிறுத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பேட்டைச் சுற்றித் தோலைப் பாருங்கள். பேச்சும் போனவர் என்றால் ‘போதும், நிறுத்து’ என்பதற்கு ஒரு கைச்சாடையை முன்பே பழக்கி வையுங்கள்.

தொடக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்து, சற்று நேரத்தில் அடங்கிப்போவது வேறு விஷயம். நரம்பு பழகிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்காகக் கொஞ்சம் கூட்டலாமா, எது வரை என்பதைத் தெரபிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்துகிறது

பேட்டின் ஓரம் தூக்கியிருக்கிறது. மெஷின் தரும் கரண்ட் அதேதான், ஆனால் பாதி பேட் வழியாகப் போகவேண்டியிருப்பதால் அந்த இடத்தில் நெரிசல். இதில் பலரும் செய்வது, தூக்கிய ஓரத்தை விரலால் அழுத்துவது. அழுத்தின கணத்தில் தொடர்பு திடீரென்று மாறி வெடுக்கென்று ஒரு அதிர்ச்சி வரும், அவருக்கு அடுத்த நாள் பேட்டைப் பார்த்தாலே பயம். எதைத் தொடுவதற்கு முன்பும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பேட்டை மறுபடி ஒட்டுங்கள், பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

ஓரம் ஏன் தூக்குகிறது என்பதற்கு நம் வீடுகளில் காரணம் கையோடு இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு நெற்றியிலும் கழுத்திலும் திருநீறு, கோயிலுக்குப் போய்வந்தால் சந்தனம், தலையிலிருந்து வழிந்த தேங்காய் எண்ணெய், மேலே பவுடர். இவை எல்லாம் பேட்டின் ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு படலமாக நிற்கும். பூஜை முடிந்ததும் கழுத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் போதும், நெற்றித் திருநீறு பாட்டுக்கு இருக்கட்டும். தாலிக்கொடி, சங்கிலி எதுவும் பேட்டிலோ ஒயர் முனையிலோ படக் கூடாது. கழற்ற மாட்டேன் என்கிற ஆயாக்களுக்குப் பின்பக்கமாகத் திருப்பி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாதானம் ஆனது.

ஆண்களுக்குத் தாடி. ஒருநாள் முளைத்த முள்முடிகூடப் பேட்டைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் ஷேவ் செய்த கையோடு ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கரண்ட் சுள்ளென்று ஏறும். முதல் நாள் இரவே ஷேவ் செய்துவிடச் சொல்லுங்கள்.

பேட் நழுவுகிறது, அல்லது ஒட்டவே மாட்டேன் என்கிறது

ஊரைப் பொறுத்தது இது. டர்பனில் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வைதான் எதிரி. ஃபேன் போட்டு, காலை நேரத்திலேயே செய்துவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் ஜூன், ஜூலையில் காற்று அவ்வளவு வறட்சி, அங்கே ஜெல்லே காய்ந்து தோல்போல ஆகிவிடும். காய்ந்த பேட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தடவி ஒரு நிமிஷம் விட்டால் உயிர் வரும். இரண்டு மூன்று முறைக்கு மேல் இப்படி ஓட்ட முடியாது. வேலை முடிந்ததும் அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, காற்றுப் புகாத பையில் போடுங்கள். உரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள். பேட்டுக்குச் செலவாகிறதே என்று டேப் போட்டு ஒட்டுவது, அளவில் பெரிய முதுகுவலி பேட்டை வெட்டி ஒட்டுவது, இரண்டும் வேண்டாம்.

தோல் சிவந்திருக்கிறது

பேட் இருந்த வட்டத்தில் இளஞ்சிவப்பு, ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது: சரி, அது ரத்த ஓட்டம். அடுத்த நாள் காலையிலும் இருக்கிறது, அரிக்கிறது, பேட்டின் வடிவத்திலேயே தடித்திருக்கிறது: ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வகை பேட் கேளுங்கள். கொப்புளம், கருத்த புள்ளி, தோல் உரிதல்: நிறுத்துங்கள், படம் எடுத்துத் தெரபிஸ்டுக்கு அனுப்புங்கள். சிவந்த இடத்தைத் தவிர்க்க நாமாகப் பேட்டைப் பக்கவாட்டில் தள்ளி ஒட்டக் கூடாது. காரணம் அடுத்ததில்.

வாயோரம் இழுக்கிறது, பல் கூசுகிறது, தலை கிறுகிறுக்கிறது

இவை எல்லாம் பேட் இடம் மாறியதன் அடையாளங்கள். தாடைக்கு ரொம்ப நெருங்கிவிட்டால் கீழ் உதடு ஒரு பக்கமாக இழுக்கும், பல்வரிசையில் கூச்சம் தெரியும். தோள் பக்கம் வெட்டிவெட்டி இழுத்தால் பேட் நடுக்கோட்டை விட்டு வெளியே போயிருக்கிறது. பூஜ்யம், உரித்தல், சரியான இடத்தில் ஒட்டுதல். கிளினிக்கில் பேட் ஒட்டியபடியே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போனில் படம் எடுத்து வைத்தால் இந்தக் குழப்பமே வராது. எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை மறக்காமல் எடுங்கள். கையேட்டில் உள்ள படம் யாரோ ஒருவர் கழுத்து.

தலைசுற்றல், கண் இருட்டல், நெஞ்சு படபடப்பு, மூச்சு இறுகுதல் இவற்றில் எது வந்தாலும் இடத்தைச் சரிசெய்து தொடர வேண்டாம். அணைத்து, கழற்றி, சாய்த்து உட்கார வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துச் சொல்லும் வரை மெஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கரண்ட் ஓடும்போது விழுங்கவே முடியவில்லை

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குமிழைக் கூட்டுவதன் தீமை இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

விழுங்கும்போது கண்ணாடி முன் நின்று பாருங்கள், குரல்வளை மேலேறி இறங்கும். நாடிக்கு (மோவாய்க்கு) அடியில் இருக்கும் தசைகள் அதை மேலே இழுக்கின்றன, அந்த ஏற்றத்தில்தான் மூச்சுக்குழல் மூடிக்கொள்கிறது. குரல்வளைக்குக் கீழே, மார்பெலும்பு நோக்கிப் போகும் தசைகள் எதிர்த்திசையில், கீழே இழுப்பவை. தோலுக்கு மேல் ஒட்டிய பேட் எந்தத் தசை என்று பார்த்துப் பாய்ச்சாது, தோலுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் பிடிக்கும். கழுத்தின் முன்பக்கம் அப்படி மேலாக இருப்பவை பெரும்பாலும் கீழே இழுக்கும் தசைகள். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாடியடியிலும் கழுத்திலுமாகப் பேட் ஒட்டி, சும்மா உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்குத் தாங்கும் அளவு கரண்ட் கொடுத்து எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். குரல்வளை தொங்கிக்கொண்டிருக்கும் நாக்கடி எலும்பு மேலே போகவில்லை, கீழே இறங்கியது. அதே ஆய்வில், உணர மட்டும் முடிகிற மெல்லிய அளவில் கொடுத்தபோது சிலருக்குப் புரையேறுவது குறைந்தது.

ஆக, கழுத்தின் கீழ்ப்பக்கம் பேட் ஒட்டியிருப்பவர்களுக்குக் கரண்ட் ஒரு சுமை. அந்தச் சுமையை எதிர்த்து அழுத்தி விழுங்கினால் தசைக்கு வேலை. எதிர்க்கும் தெம்பே இல்லாதவருக்குச் சுமையைக் கூட்டினால் குரல்வளை மேலேறாமல் நிற்கும், மூச்சுக்குழல் திறந்தே கிடக்கும், வாயில் கொடுத்தது அதற்குள் போகும். எனவே ‘விழுங்க முடியவில்லை’ என்றால் குறையுங்கள். குறைத்தும் முடியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். களைத்துப்போன நேரத்தில், சாப்பிட்ட கையோடு, பகல் மாத்திரையின் மயக்கத்தில் செய்தால் இப்படி ஆகும். நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு, அதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. பேட்டை ஒட்டிவிட்டு, டிவியில் சீரியலைப் போட்டுவிட்டு, மணி அடித்ததும் கழற்றுவது. வலியில்லை, புகாரில்லை, பயனும் இல்லை. கரண்ட் பாய்கிற நேரத்தில் அவர் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எச்சிலை விழுங்கலாம், தெரபிஸ்ட் அனுமதித்திருந்தால் ஸ்பூனில் கொடுப்பதை விழுங்கலாம். ஒவ்வொரு முறையும் ‘அழுத்தி முழுங்குங்க ஆயா’ என்று பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லத்தான் வேண்டும். குரல்வளை ஏறுவதை லேசாக விரல் வைத்தோ கண்ணால் பார்த்தோ எண்ணிக்கொள்ளுங்கள். வாய் உலர்ந்து எச்சில் வரவில்லை என்றால் நனைத்த பஞ்சுக் குச்சியால் நாக்கைத் தடவினால் வரும்.

பயிற்சியில் புரையேறுகிறது

பூஜ்யம். நிமிர்ந்து உட்கார வைத்து நன்றாக இருமச் சொல்லுங்கள். நம் வழக்கப்படி உடனே தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க ஓடாதீர்கள், தண்ணீர்தான் இவர்களுக்கு மிகக் கடினம். அடங்கியதும் ‘ஆ’ என்று சொல்ல வைத்துக் குரலைக் கேளுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று இருந்தால் இன்னும் குரல்நாண் மேல் ஏதோ நிற்கிறது. மறுபடி இருமி, விழுங்கி, தெளிந்த பிறகுதான் அடுத்தது.

இருமலே வராமல், பேச்சும் மூச்சும் அடைத்துக் கண் பிதுங்கினால் அது வேறு. முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டி வயிற்றை மேல்நோக்கி ஐந்து இழுப்பு, மாறி மாறி. இன்னொருவர் 10177-ஐ அழைக்கட்டும், கைப்பேசியிலிருந்து 112-ம் கிடைக்கும்.

புரையேறுவது அடிக்கடி நடந்தால் மெஷினை விட்டுவிட்டுக் கொடுத்த சாப்பாட்டைப் பாருங்கள். ரசம் சோறு மென்மையானது, நோயாளிக்கு நல்லது என்றுதான் நாம் நினைக்கிறோம். வாய்க்குள் போனதும் ரசம் தனியே முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் நிற்கும். தண்ணியும் கட்டியும் சேர்ந்த எதுவும் இப்படித்தான்: டீயில் தோய்த்த மேரி பிஸ்கட், பால் ஊற்றிய சீரியல். அதற்குப் பதில் கட்டியில்லாமல் கிண்டிய சோளமாவுக் கூழ், ஒரே பதத்தில், ஸ்பூனில் நிற்கும். ஆடி மாதத்து மாரியம்மன் கூழ் தெரிந்த வீட்டில் அதைச் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழைத்து அரைத்த பருப்புச் சோறும் ஆகும். எந்தப் பதம் என்று தெரபிஸ்ட் சொன்னாரோ அதற்குள்தான் எல்லாம்.

காலையில் கெட்டியாக இருந்த டீ கொஞ்ச நேரத்தில் தண்ணியாகிறது

தண்ணீரையும் டீயையும் கெட்டியாக்கக் கலக்கும் பொடி மாவுச்சத்து வகை என்றால், எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பக் கோப்பையில் விட்டாலே இளகும், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். சாந்தன் கம் என்னும் பிசின் வகைப் பொடி அப்படி இளகாது. பதம் சரியா என்று பார்க்க ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு போதும். நுனியை விரலால் மூடி 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட்டு மறுபடி மூடுங்கள். 1 முதல் 4 மில்லி மிச்சம் நின்றால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் மூன்றாம் நிலை. உலகமெங்கும் தெரபிஸ்டுகள் பேசும் ‘ஐ.டி.டி.எஸ்.ஐ’ அளவு இதுதான். அதற்கென்று சொல்லும் சிரிஞ்சில் பூஜ்யத்திலிருந்து 10 வரையிலான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர், மற்ற சிரிஞ்சில் கணக்கு மாறும்.

காய்ச்சல், சளி, வழக்கத்துக்கு மாறான சோர்வு

இதை மெஷின் கோளாறுகளின் பட்டியலில் தேடாதீர்கள். புரையேறாமலே, ஒரு இருமல்கூட இல்லாமல் உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போவது உண்டு. உணர்ச்சி மரத்த தொண்டை இருமச் சொல்லாது. சாப்பிட்ட பிறகு களகளத்த குரல், மாலையில் காய்ச்சல், வேகமான மூச்சு, எடை குறைதல் இவை தெரிந்தால் சிகிச்சையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமல் வெறும் குழப்பமாகவும் தூக்கமாகவும் நிமோனியா காட்டும். வாய்க்குள் இருக்கும் கிருமிதான் எச்சிலோடு கீழே போகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் பேட் ஒட்டுவதற்கு முன் பல், நாக்கு, பல்செட் எல்லாம் துலக்கிவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

வாரங்கள் ஓடியும் ஒரு மாற்றமும் இல்லை

சிலருக்கு இது வேலை செய்வதில்லை, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பக்கவாதக்காரர்களுக்குப் பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்றுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2018-இல் சொன்னது, மற்ற காரணங்களால் விழுங்க முடியாதவர்களுக்கு ஆய்வுக்குள் மட்டும் பயன்படுத்தச் சொன்னது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள் 170 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை 2016-இல் வெளிவந்தது. 12 வாரம் வீட்டிலேயே பயிற்சி, ஒரு பகுதியினருக்கு உண்மைக் கரண்ட், மற்றவர்களுக்குப் பொய்க் கரண்ட். உண்மைக் கரண்ட் கூடுதலாக எதையும் தரவில்லை. கதிர்வீச்சில் தசை இறுகிப்போன உறவினருக்கு யாராவது இந்த மெஷினை ஆன்லைனில் வாங்கித் தரப் போகிறார்கள் என்றால் இதைச் சொல்லிவிடுங்கள்.

மாற்றம் இருக்கிறதா என்று நாம் பார்க்கும் விதமும் தப்பாக இருக்கலாம். ‘இன்னிக்கு நல்லா சாப்பிட்டாங்க’ என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவிலோ மூக்கு வழியே கேமரா விட்டோதான் பார்க்க முடியும். சிகிச்சை தொடங்குமுன் அப்படி ஒன்று எடுத்திருந்தால், மறுபடி எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். எடுக்காமலேயே மெஷினைக் கொடுத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். கொடுத்தவர் எச்.பி.சி.எஸ்.ஏ-வில் (தென்னாப்பிரிக்காவின் சுகாதாரத் தொழில் குழுமம்) பதிவு செய்த ஸ்பீச் தெரபிஸ்ட்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் குழுமத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

தெரபிஸ்டிடம் போகும்போது மெஷினோடு ஒரு நோட்டும் கொண்டுபோங்கள்: தேதி, எந்த எண்ணில் வைத்தது, எத்தனை முறை விழுங்கினார், எத்தனை முறை இருமினார், என்ன கொடுத்தது, தோல் எப்படி இருந்தது. வாரத்துக்கொருமுறை எடையும். பழைய பேட்களையும் ஒயரையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் எடுத்துப்போனால் எங்கே கோளாறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சிகிச்சை முடிந்து மெஷினை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் பேட்களைக் கொடுக்காதீர்கள். மெஷினையும் நேராக அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், அவர்களுடைய தெரபிஸ்டிடம் கொடுங்கள். உங்கள் வீட்டவருக்குப் போட்ட எண் இன்னும் அதில் பதிந்திருக்கலாம்.